கடைசியாகக் குளிப்பவரிடம் போனைக் கொடுங்கள்

யோனெசாவாவில் பனிக்காலம் வந்து குளியல் தண்ணீர் ஹீட்டர் மக்கர் பண்ணினால் ஜனங்கள் மோரியோவைத்தான் கூப்பிடுவார்கள். போனை எடுப்பது என்னவோ அவர் பெண்டாட்டி ஹிசாயோ. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து, ஆயிற்று முப்பத்து நாலு வருடம், அவள்தான் எடுக்கிறாள். ஹீட்டரைக் கழற்றி மாட்டுவது புருஷன் வேலை. அதற்கு என்ன சீக்கு என்று கண்டுபிடிப்பது இவள் வேலை. மோரியோ இதை வெளியே சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், "அவ போன் எடுப்பா" என்பதோடு முடித்துக்கொள்வார். ஆம்பளை கௌரவம், வேறென்ன!

அவள் போனில் பேசுவதைக் கேட்க வேண்டும்.

"கொமியா ஹீட்டர் ரிப்பேருங்க. சொல்லுங்கய்யா."

"எங்க வீட்டு ஹீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. என் பொண்டாட்டிதான் சுடலை சுடலைன்னு உசிரை வாங்குறா."

"நீங்க வீட்டுல எத்தனாவதா குளிப்பீங்க?"

"நானா? முதல்ல."

"அப்ப உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடைசியா குளிக்கிறவங்ககிட்ட போனைக் குடுங்க."

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. அவள் கணக்கு அப்படி. தொட்டியில் புதுத்தண்ணீரை ஒரு தடவை சுட வைக்க எந்தக் கிழட்டு ஹீட்டரும் தம் கட்டிவிடும். முதல் ஆள் அதில் கழுத்துவரை அமிழ்ந்து பாட்டுப் பாடிவிட்டு எழுந்து போய்விடுவார். அதே தண்ணீரில் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று இறங்க இறங்க அது ஆறும். ஆறின தண்ணீரை உள்ளே இழுத்துத் திரும்பச் சூடாக்க வேண்டி வரும்போதுதான் ஹீட்டரின் வண்டவாளம் தெரியும். ஆக, ஒரு வீட்டில் ஹீட்டருக்கு உடம்பு சரியில்லை என்பது கடைசியாகக் குளிக்கிறவளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும். முதல் ஆளுக்குத் தெரியும்போது அது செத்துப் போயிருக்கும்.

கடைசி ஆள் போனில் வந்துவிட்டால் ஹிசாயோவுக்குக் குஷி. "அம்மா, திரும்பச் சூடாக்க எத்தனை நிமிஷம் ஆகுது? பத்திக்கும்போது டுப்புன்னு சத்தம் வருதா? ஷவர்ல சூடு, ஜில்லு, சூடுன்னு மாறி மாறி வருதா? வெளியில ஹீட்டர் பெட்டி மேல கரி பிடிச்சிருக்கா? கரின்னா இப்பவே அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து விடுங்க, வெளையாட்டு இல்ல." எல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்குமுன் எல்லோருக்கும் தவறாமல் ஒன்று சொல்வாள்: "இன்னொண்ணும்மா. மலையில வெந்நீர் ஊத்துல விக்கிற கந்தகப் பொடியை மட்டும் தொட்டியில போட்டுடாதீங்க. ஹீட்டருக்குள்ள இருக்கிறது செப்புக் குழாய். கந்தகம் பட்டா கறுத்து ஓட்டை விழுந்துடும்."

இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்டவள், போன மார்ச் மாதத்திலிருந்து தன் வீட்டுத் தொட்டியில் தினமும் ஒரு பாக்கெட் கந்தகப் பொடி போட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

காலையில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நானூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் சூப்பும். ஆள் உயரத்துக்கு இருக்கிற பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. மார்ச்சில் பள்ளி வருடம் முடியப் போகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல்காரப் பெண்கள் ஆறு பேரும் மலைமேல் இருக்கிற கந்தக ஊற்றுக்குப் போனார்கள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், ஊரே முட்டை மணம். அதில் அரை நாள் ஊறிவிட்டு வந்தவள் மறுநாள் பாத்திரத்தைப் பூ மாதிரி தூக்கினாள். கூட வந்தவள் ஒருத்தி முப்பது பாக்கெட் பொடி வாங்கினாள். இவளும் வாங்கினாள். தீர்ந்ததும் அவளிடமே சொல்லி மறுபடி வாங்கினாள்.

வீட்டில் குளிக்கிற வரிசை அவள் வந்த நாளிலிருந்து மாறியதில்லை. ஐந்து மணிக்கு மாமனார் தோகுஜி. எண்பத்து நாலு வயது. நாற்பத்து மூன்று டிகிரிக்கு ஒரு டிகிரி குறைந்தாலும் இருமுவார். ஏழு மணிக்கு மோரியோ. பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டு, எல்லாம் முடிந்து ஹிசாயோ. அவளுக்குப் பின் அந்தத் தண்ணீருக்கு யாரும் கிடையாது. நமக்குத்தானே கடைசித் தண்ணீர், இதில் நான் பொடி போட்டால் யாருக்கு என்ன என்று அவள் மனசுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டாள். திரும்பச் சூடாக்கும் பொத்தானைத் தொடாத வரைக்கும் அந்தத் தண்ணீர் ஹீட்டருக்குள் போகாது. தொடாமல் இருந்துவிட்டால் ஆயிற்று. இதுவும் நியாயம்தான். ஆனால் யோனெசாவாவில் அக்டோபர் என்று ஒரு மாதம் உண்டு, நவம்பர் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் குளித்துவிட்டுப் போன தண்ணீரில் பொத்தானைத் தொடாமல் உட்கார அவள் என்ன தவளையா? சும்மா இரண்டு நிமிஷம் என்று தொட்டாள். அப்புறம் மூன்று நிமிஷம்.

வாடை ஒன்றுதான் பிரச்சினை. ஒரு நாள் காலையில் மாமனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"ஹிசாயோ, முட்டை வேக வெச்சியா?"

"ஆமா மாமா."

சொன்ன பிறகு வேக வைக்காமல் இருக்க முடியுமா? அன்றைக்கு ஆரம்பித்த அவித்த முட்டை அந்த வீட்டில் தினசரியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தாள், தொட்டித் தண்ணீரை அப்போதே திறந்துவிட்டாள், தொட்டித் தண்ணீரிலேயே துணி துவைக்கிற வழக்கத்தை விட்டுப் புதுத்தண்ணீர் பிடித்தாள். அத்தனையும் செய்துவிட்டுக் காலையில் மூன்று முட்டையும் வேக வைத்தாள். மோரியோ ஒருநாள், "ஏன் தினம் முட்டை?" என்று கேட்டார். "உடம்புக்கு நல்லதுங்க" என்றாள். அவரும் உரித்துத் தின்றார்.

டிசம்பர் நடுவில் ஹீட்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எட்டு நிமிஷத்தில் திரும்பச் சூடேற்றிய பெட்டி பதினைந்து நிமிஷம் எடுத்தது. அப்புறம் இருபது. ஒரு நாள் பற்றிக்கொள்ளும்போது 'டுப்' என்றது. தொட்டியின் வெள்ளைப் பக்கத்தில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குப் பச்சையாய் ஒரு கோடு. போனில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஹிசாயோ முழுசாகக் கேட்டிருக்கக்கூட மாட்டாள். பாதியிலேயே, "குழாய் ஓட்டைம்மா" என்றிருப்பாள். தன் வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டாள். அன்றோடு பொடியை நிறுத்தினாள். மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். நிறுத்தி என்ன பிரயோஜனம், விழுந்த ஓட்டை விழுந்ததுதானே.

ஆண்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் முதல் ஆள், ஒருவர் இரண்டாவது ஆள். அதிலும் இரண்டாமவர், ஊரிலேயே பெரிய ஹீட்டர் டாக்டர்! தினமும் சிவந்த முகத்தோடு, "ஆஹா, சுகம்" என்று வெளியே வருவார். உள்ளே போகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெதுவெதுப்புத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள்.

ஒழுகல்தான் அவளைக் கொஞ்ச நஞ்சப் பாடுபடுத்தவில்லை. ஹீட்டர் பெட்டி பின்சுவரில் வெளியே மாட்டியிருக்கிறது. அடியில் சொட்டுகிற தண்ணீர் இரவெல்லாம் உறைந்து, விடியும்போது பெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டி தொங்கும். முதலில் விரல் அளவு. ஜனவரி பிறந்ததும் முள்ளங்கி அளவு. வாசல் பனியை மோரியோ தள்ளுவார், பின்பக்கத்துப் பனியை ஹிசாயோ தள்ளுவாள் என்று ஏற்கெனவே ஏற்பாடு இருந்ததால் பிழைத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் அகப்பையை எடுத்துக்கொண்டு போய் அந்த முள்ளங்கியை ஒரே அடியில் உடைத்துப் பனிக்குவியலில் புதைத்துவிட்டு வருவாள். திருட்டுத்தனம் பண்ணிப் பழக்கமில்லாதவள். ஒவ்வொரு காலையும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

சொல்லிவிட்டால் என்ன? மோரியோ அடிக்கிற ரகம் இல்லை, குடிக்கிற ரகமும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க 'பொடி போடாதீர்கள்' என்று உபதேசம் பண்ணுகிறவள் வீட்டு ஹீட்டரே பொடியால் போயிற்று என்று வெளியே தெரிந்தால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனை எடுப்பது? அவளுக்கென்று இருந்த கௌரவமே அந்தப் போன்தான்.

போதாக்குறைக்கு அந்தக் குளிர்காலம் ஹீட்டருக்கே பஞ்சம். கொரோனாவால் எங்கெங்கோ தொழிற்சாலைகள் நின்றுபோய், உள்ளே வைக்கிற கம்ப்யூட்டர் சில்லு கிடைக்கவில்லையாம். புது ஹீட்டர் கேட்டு எட்டு வீடுகள் காத்திருந்தன. அந்த வரிசையை ஹிசாயோவே தன் கையால் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம்.

மகள் சிஹோவுக்கு முதல் பிரசவம். பிப்ரவரி முதல் வாரம் என்று செந்தாய் நகரத்து ஆஸ்பத்திரியில் நாள் சொல்லியிருந்தார்கள். குழந்தையோடு நேரே இங்கே வந்து ஒரு மாதம் இருப்பதாக ஏற்பாடு. அதற்குள் எப்படியாவது சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லலாம், பனி குறைந்ததும் சொல்லலாம் என்று ஹிசாயோ நாளைத் தள்ளினாள். குழந்தை காத்திருக்குமா? ஜனவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவள் சமையலறையில் மிசோ சூப்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது மருமகன் போன் பண்ணினான். பெண் குழந்தை. இரண்டு வாரம் முந்திவிட்டது. தாயும் சேயும் நலம். ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டி வருகிறேன்.

ஐந்து பெண்களும் கரண்டியைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். ஹிசாயோவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அடுத்த நொடியே நாளை விரல் விட்டு எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை! பிறந்து ஐந்து நாளான சிசுவை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது? உடம்பெல்லாம் நொந்து வருகிற பெண் பிள்ளை ஷவரைத் திறந்தால் சூடு, ஜில்லு, சூடு என்று வருமே!

கௌரவமாவது, மண்ணாங்கட்டியாவது. பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நான்தான்."

"கேட்டேன், கேட்டேன்! அப்பா மூணு தடவை போன் பண்ணிட்டாரு. ரோட்டுல போறவங்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்றாராம். பொண்ணாமே!"

"அது இருக்கட்டும். ஒரு வீட்டுல ஹீட்டர் கோளாறு. உடனே பாக்கணும்."

"நல்ல நேரம் பாத்த போ. என்ன சொல்றாங்க?"

"திரும்பச் சூடாக்க இருபத்தஞ்சு நிமிஷம். பத்திக்கும்போது டுப்புன்னு சத்தம். தொட்டியில பச்சைக் கோடு. பெட்டிக்கு அடியில ஒழுகுது."

"எத்தனை வருஷத்து ஹீட்டர்?"

"ஏழு."

"ஏழு வருஷத்துல ஓட்டையா? ஏய், அந்தம்மா கந்தகப் பொடி போட்டிருக்கும். கேட்டுப் பாரு."

"போட்டிருக்கு."

"நெனைச்சேன்! எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதா இவங்களுக்கு? நீ சொல்லலையா அந்தம்மாகிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான் சொல்றேன்."

"அப்ப கேக்காத ஜென்மம். கெடக்கட்டும். கியூவுல ஒம்பதாவதா எழுதிக்கோ. பேரு என்ன?"

"கொமியா."

"நம்ம பேரா? நம்ம ஊர்ல இன்னொரு கொமியா இருக்காங்களா?"

"இல்லங்க. ஒரே கொமியாதான்."

போன் கட்டாகிவிட்டதோ என்று ஹிசாயோ காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை.

"நம்ம வீடா?" என்றார் மோரியோ கடைசியில்.

"நம்ம வீடுதாங்க."

அவள் வீட்டுக்கு வரும்போது பின்சுவரில் பெட்டி திறந்து கிடந்தது. மோரியோ தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மாமனார் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில். செப்புக் குழாய்ச் சுருள் கரி மாதிரி கறுத்து, ஒரு வளைவில் பச்சையாய்ப் பூத்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த முட்டையெல்லாம்..." என்று மோரியோ மெல்லத் திரும்பினார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்டா" என்றார் கிழவர். "அடுப்பங்கரையில வேகுற முட்டை எப்படிக் குளிக்கிற இடத்துல மணக்கும்? மரியாதைக்காக ஒண்ணும் சொல்லாம தின்னேன். பத்து மாசம்! கொலஸ்ட்ரால் ஏறியிருந்தா இவதான் பொறுப்பு."

ஹிசாயோ தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றாள். "என் இடுப்பு வலிக்குப் போட்டேன். நான்தான் கெடுத்தேன். திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க."

மோரியோ திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா?"

"மார்ச்லேர்ந்து. தினம் ஒரு பாக்கெட்."

"பொடியைக் கேக்கல. தண்ணி. எவ்வளவு நாளா உனக்குச் சுடல?"

அவள் எதிர்பார்க்காத கேள்வி. "டிசம்பர் பாதியிலேர்ந்து" என்றாள்.

"ஒரு மாசத்துக்கு மேல. வெளியில மைனஸ் எட்டு. எனக்குச் சுட்டுதே?"

"நீங்க ரெண்டாவது ஆளு."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

அவ்வளவுதான், எங்கேயிருந்து வந்ததோ, ஹிசாயோவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு கேட்டீங்க? கடைசியா குளிச்சியாம்மா, சுட்டுதாம்மான்னு ஊர்ல இருக்கிற அத்தனை பொம்பளையையும் நான் போன்ல கேக்குறேன். இந்த வீட்டுல என்னை எவராவது ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? நீங்க துண்டைக் கட்டிட்டு வெளியில வந்தா வீட்டுல குளியல் முடிஞ்சுதுன்னு நெனைப்பு. நான் ஒருத்தி இன்னும் குளிக்கலைன்னு யாருக்காவது ஞாபகம் இருந்துதா?"

மாமனாருக்கு அந்த நேரம் பார்த்து டிவியில் ஏதோ முக்கியமான நிகழ்ச்சி ஞாபகம் வந்தது. கம்பளியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மோரியோ கையில் எரிகிற டார்ச்சோடு பனியில் நின்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமை ஒரு புது ஹீட்டர் வந்து இறங்கியது. மோரியோ குளிர்பெட்டிக் கதவுக்கு முன் நின்று வரிசைத் தாளைப் பார்த்தார். முதல் பேர், படுத்த படுக்கையாய் மாமியாரை வைத்துக்கொண்டிருக்கிற பூக்கடைக்காரி. ஒன்பதாவது பேர் கொமியா. அவர் விரல் மெதுவாக ஒன்பதிலிருந்து மேலே நகர்ந்தது.

"அந்த விரலை எடுங்க" என்றாள் ஹிசாயோ.

"கொழந்தை வருதே..."

"நான் எழுதின வரிசை. எனக்காக நானே மாத்தினேன்னு வெச்சுக்கோங்க, பொடி போட்டதை விட அது கேவலம். போய்ப் பூக்கடையில மாட்டிட்டு வாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வண்டியில் அந்தப் பெட்டி ஏறுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அரிசி கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை மோரியோ கொட்டகைக்குள் போனார். வீடு இடிக்கிறவர்களிடமிருந்து வாங்கிப் போட்ட பழைய ஹீட்டர்கள் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. இதே கம்பெனி, இதே மாடல், மூளையாக இருக்கிற சர்க்யூட் பலகை மட்டும் கருகிப்போனது ஒன்று அகப்பட்டது. திறந்தார். உள்ளே செப்புச் சுருள் புதுக்காசு மாதிரி பளபளத்தது. அங்கிருந்தே கத்தினார், "ஹிசாயோ! ஒரு நல்ல குடும்பத்து ஹீட்டர் கெடைச்சிருக்கு! பொடியே படாதது!"

அந்த நாலு நாளும் மூன்று பேரும் பொதுக் குளியலுக்குப் போனார்கள். பகலில் மோரியோ ஊர் வேலை, சாயங்காலம் வீட்டு வேலை. கறுத்த சுருளைக் கழற்றி, நல்ல சுருளை ஏற்றி, ரப்பர் வளையம் எல்லாம் புதிதாகப் போட்டு, சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தண்ணீரைத் திறந்தார். அடியில் செய்தித்தாளை விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. பற்ற வைத்தார்.

டுப்.

"ஆச்சு" என்றார் மோரியோ, கையைத் துடைத்துக்கொண்டு.

"என்ன ஆச்சு? டுப்புன்னுதே."

"பழைய பெட்டி, கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்."

"என்கிட்ட போன்ல யாராவது இப்படிச் சொன்னா விடுவேனா? ஒழுகின தண்ணி எரியற இடத்துல விழுந்து துரு அடைச்சிருக்கும். கழட்டி ஊதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். ஊதினார். ஒரு கைப்பிடி துரு உதிர்ந்தது. மறுபடி மாட்டிப் பற்ற வைத்தபோது, 'புஸ்' என்று நல்ல பிள்ளையாய்ப் பிடித்துக்கொண்டு நீலமாய் எரிந்தது. மோரியோ அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "கண்டுபிடிக்கிறது எல்லாம் நீதான். நான் கழட்டி மாட்டுறவன்" என்றார். முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவை. ஹிசாயோவுக்கு முகம் சிவந்துவிட்டது. குளிருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சிஹோ வந்து இறங்கினாள். சமையலறையில் குழந்தைத் தொட்டியை வைத்து ஹிசாயோ வெந்நீர் பிடித்தாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி ஒரே சூடு. மெல்லிய துணியைப் போர்த்தி உள்ளே இறக்கியதும், அதுவரை உலகமே பிடிக்காத மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த பொடிசு, கை முஷ்டியை விரித்துவிட்டு வாயைக் கோணி ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், சுற்றி நின்ற நாலு பேரும் கூடவே பெருமூச்சு விட்டார்கள். "இவளுக்கு நாப்பத்து மூணு டிகிரி போதாதுடா" என்றார் கிழவர். மருமகன் பயந்துபோய்க் குழந்தையைப் பார்த்தான். சிஹோ சிரித்தாள்.

ஐந்து மணி ஆனது. தோகுஜி வழக்கம்போல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்பா, உக்காருங்க" என்றார் மோரியோ. "இன்னைக்கு முதல்ல ஹிசாயோ."

"ஏன், இன்னைக்கு என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. அவ முதல்ல."

"சும்மா இருங்க, மாமா போகட்டும். எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று ஹிசாயோ பின்வாங்கினாள். சிஹோ விடவில்லை. "அடுப்பை நான் பாத்துக்கறேன், போம்மா!" என்று கரண்டியைப் பிடுங்கித் துண்டைக் கையில் திணித்தாள்.

உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தொட்டியின் மூடியைத் தூக்கினாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அடிவரை தெளிந்த தண்ணீர். அடைப்பானின் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு முடி இல்லை, ஒரு நுரை இல்லை. காலை விட்டாள், சுரீரென்றது. இடுப்பு வரை, மார்பு வரை, கழுத்து வரை இறங்கினாள். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து தரையெல்லாம் ஓடியது. அடப்பாவிகளா, தினமும் இதைத்தான் இரண்டு பேரும் அனுபவித்துக்கொண்டிருந்தீர்களா! இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கோபமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீராகவும் வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நன்றாக அழுதாள். இடுப்பு இளகியது. விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சுட்ட இறால் மாதிரி சிவந்து வெளியே வந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கிழவர் உள்ளே போனார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"டேய் மோரியோ! என்னடா ரிப்பேர் பண்ணின? தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. ஒரு மாதிரி கலங்கலா வேற இருக்கு. தலைமுடி மெதக்குது. சரியாவே ஆகலடா அந்த ஹீட்டர்!"

மோரியோ அவசரமாக டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகக் கிளம்பினார்.

"நீங்க எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள் ஹிசாயோ. குழந்தை விழித்துவிடாமல் மெல்லத்தான் சொன்னாள். "ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல மாமா. ரெண்டாவதா குளிச்சா தண்ணி அப்படித்தான் இருக்கும்."

மூன்றாவதாகக் குளிக்க வேண்டிய மோரியோ, டார்ச்சை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.